பாரசீக ராசாவுக்குப் புளி

இனி இந்தப் பிறவியில் பழங்காசு வாங்குவதில்லை என்று என்ரை மனிசன் பிள்ளையாருக்கு நேர்ந்தார். மகள் நிரூபாவுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடி. "மீறி வாங்கினால் அது உன்ரை உண்டியலுக்கு அப்பனே" என்றும் சேர்த்தார். பிள்ளை எழும்பி நடந்தாள். நானும் நிம்மதியாகத் தேவாரம் படித்தேன்.

மூன்றாம் கிழமை, எங்கள் அஜின்கோர்ட் வீட்டு வாசலில் ஒரு பார்சல். மேலே குலசிங்கம் என்று என்ரை மனிசன்ரை பெயர். பிரித்தேன். ரெண்டு டொலர் ரூனிக் குற்றியளவில், கறுத்துப்போன வெள்ளி வட்டம். தெய்வத்தையே ஏய்க்கிற மனிசனோடு நான் இன்னும் எத்தனை காலம்?

"இஞ்சருங்கோ, உது என்ன?"

"காசில்லையப்பா!"

நான் காசென்று சொல்லவேயில்லை.

"சாமி. இஞ்சை பார், ஓமகுண்டம். நெருப்பு எரியுது. ரெண்டு பக்கமும் ரெண்டு ஐயர்மார்."

"ஐயர்மார் ஏன் வாளோடை நிக்கினம்?"

"அந்தக் காலத்து ஐயர்மார்."

"மற்றப் பக்கம் ஆர்? முடியிலை செட்டை முளைச்சிருக்கு?"

"அது... முருகன். மயிலின்ரை செட்டை."

"முருகனுக்குத் தாடியோ?"

"அவருக்கும் வயது போகாதே?"

முருகா, மன்னிச்சுக்கொள்ளு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமியென்றால் சாமியறைக்குத்தானே? வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. சந்தனமும் வைத்தேன்.

மனிசன் வந்து பார்த்தார்.

"ஐயோ! ஆயிரத்து நானூறு வருசக் கறுப்பு! எங்கையப்பா?"

"தண்ணியோடை சிங்குக்குள்ளாலை போட்டுது. சாமியைத் துலக்கினா ஏன் அழுறியள்?"

"உது சாமியில்லை! பாரசீக ராசா அடிச்ச காசு! அந்தக் கறுப்புத்தான் அதின்ரை உயிர்!"

"தெரியும். பார்சல் வந்தண்டே நிரூபா போனிலை தேடிச் சொன்னவள். நெருப்பை அணையவிடாமல் காத்துக் கும்பிட்ட சனமாம். அவையையும் நினைச்சுக் கும்பிட்டுத்தான் தேய்ச்சனான்."

சந்தனத்தோடு அதை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"காசெண்டா நேர்த்திப்படி பிள்ளையாற்றை உண்டியலுக்கு. சாமியெண்டா சாமியறையிலை இருக்கட்டும், வெள்ளிக்கு வெள்ளி புளி. இப்ப சொல்லுங்கோ, உது காசோ, சாமியோ?"

அந்த வாள்கார ஐயர்மாரைப் பார்த்தார். அவர்களும் கைகொடுக்கவில்லை.

"சாமிதான்" என்றார்.

அடுத்த வெள்ளி நான் குசினிக்குள் போனபோது, புளியை அவரே கரைத்து வைத்திருந்தார்.