லோகனுக்குக் குறைந்த ஒரு புள்ளி

செஸ் கணக்கைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் உஷாராணி பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் வீட்டுக்காரர் லோகன், பிரிக்பீல்ட்ஸ் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் செஸ் ஆடுவார். ஆடுவதைவிட ஆளைப் பொறுக்குவதில் சமர்த்தர். மன்றத்திலேயே பெரிய ஆட்டக்காரன் கால்வின். அவன் கூப்பிட்டால் இவருக்கு இடுப்பு வலி வந்துவிடும். "அவனோட ஆடுறது ரேட்டிங்குக்கு ஆபத்துலா" என்பார். ரேட்டிங் என்றால், ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்குகிற புள்ளி. புதிதாகச் சேர்ந்தவர், தூங்கி வழிகிறவர் என்று தேடிப் பிடித்து ஜெயிப்பார். சின்ன ஆளை ஜெயித்தால் சின்னப் புள்ளிதான். கோழி கொத்துகிற மாதிரி கொத்திக் கொத்தி ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு வந்துவிட்டார். ஆயிரத்து ஐந்நூறு ஆனால் மன்றத்து அணியில் இடம். இந்த நிலையில் ஒரு சனிக்கிழமை; மறுநாள் ஞாயிறே செலாயாங்கில் அணிக்குப் போட்டி.

அதே ஞாயிறு கிள்ளானில் உஷாவின் தங்கை தாமரை புது வீடு குடிபோகிறாள். ஏற்கெனவே மூன்று விசேஷத்துக்குத் தனியாகப் போய், "எங்க, அவரக் காணோம்?" என்றவர்களுக்கு மூன்று பொய் சொல்லிக் களைத்திருந்தாள் உஷா. நாலாவதுக்கு அவளிடம் சரக்கில்லை.

அன்று லோகனைக் கண்டதும் சின்னப் புள்ளிக்காரர்கள் எல்லாரும் தே தாரே டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார்கள். மிச்சம், துணைக்கு வந்து பக்கத்தில் உட்காரும் உஷாதான். ஆள் குறைகிற நாளில் உட்கார வைக்க அவள் பெயரையும் பதிந்திருந்தார்கள். ஆயிரம் புள்ளி.

"உஷா, வந்து உக்காரு. பத்து நிமிஷ வேல."

"நான் தோத்தா உங்களுக்கு எவ்வளவுங்க?"

"ஒரு புள்ளி. அது போதும்."

"டிரா ஆனா?"

"உன்னோட டிரா ஆனா ஒம்போது போயிடும். தோத்தா பத்தொம்போது. அதெல்லாம் நீ ஏன் கேக்குற?"

ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண். அரை மணியில் லோகனின் ராணி வசமாக மாட்டிக்கொண்டது. வேடிக்கை பார்த்த கால்வின் தொண்டையைக் கனைத்தான். உஷா வெட்டப் போன கையைப் பாதியில் நிறுத்தினாள். தான் தோற்றால் மனுஷன் அணியோடு செலாயாங் போய்விடுவார். ஜெயித்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிள்ளான் பக்கமே வரமாட்டார்.

"ஏங்க, டிரா பண்ணிக்கலாமா?" என்றாள் மெதுவாக.

அவள் கேட்டு முடிப்பதற்குள் லோகன் கையை நீட்டிவிட்டார்.

மறுநாள் கிள்ளானில், ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு புள்ளியோடு, பந்தியில் சாம்பார் வாளி தூக்கினார்.

அடுத்த சனிக்கிழமை, விட்டதைப் பிடிக்க அவளைத்தான் முதலில் தேடினார். லோகன் எட்டிப் பார்க்காத மேசை ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் உஷா கால்வினுக்கு எதிரே உட்கார்ந்து காயை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க," என்றாள், அவர் கூப்பிட்டதும் நிமிராமலே. "உங்களோட ஆடுறது ரேட்டிங்குக்கு ஆபத்துலா."