சங்கரலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் அக்கா உதைப்பாள். எழுதாவிட்டால் அவளே நாலு பொய் சேர்த்து ஊரெல்லாம் சொல்லுவாள். (ஏற்கெனவே ஏரல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டது.)

அக்கா மகனுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. அத்தானுக்குத் துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை. எனக்கோ வருஷம் முழுக்க லீவு. அக்காவையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர். ஊசிக்கு முன்னால் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்தார். தவழ்கிறானா? தவழ்ந்து வந்து என் செருப்பை நக்குகிறான் என்றேன். (அக்கா தொடையில் கிள்ளினாள்.) பல்? என் விரலே சாட்சி. மருமகன் எல்லாவற்றிலும் பாஸ். நம் குடும்பத்தில் இப்படி ஒருவனா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

"பையன் பேர் என்னங்க?"

"சங்கரலிங்கம்," என்றேன் நான்.

டாக்டரம்மா அவன் முதுகுப் பக்கம் போய், "சங்கரலிங்கம்!" என்றார். அவன் பாட்டுக்கு என் சட்டைப் பட்டனைச் சப்பிக்கொண்டிருந்தான். "சங்கரலிங்கம் கண்ணு!" ம்ஹூம்.

"வீட்ல பேர் சொல்லித்தானுங்க கூப்பிடுவீங்க?"

அக்கா தலையைக் குனிந்தாள். அது அவள் மாமனார் பெயர். அவளும் வாயால் சொல்ல மாட்டாள், மாமியாரும் சொல்ல மாட்டாள். நானோ பிறந்த நாளிலிருந்து அவனை 'லே' என்றுதான் கூப்பிடுகிறேன். படித்த அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா?

"பேரச் சொல்லித்தான் டாக்டர். நித்தமும்," என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்படின்னா காதை டெஸ்ட் பண்ணிப் பாத்தறலாங்க. பயப்படாதீங்க, சீக்கிரமே பாக்கறது நல்லது."

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ஏம் புள்ளைக்குக் காது கேக்கலையால?" நானும் அவன் காதுக்குள் எட்டிப் பார்த்தேன். நான் சொன்ன பொய்யை நானே நம்பிவிட்டேன் என்றால் பாருங்கள்!

அப்போது வெளியே ஓர் அண்ணாச்சி, ஓடுகிற மகனைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே! இங்கன வாலே!"

மருமகன் பட்டனை விட்டுவிட்டு வெடுக்கென்று வாசலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். வரிசையில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

டாக்டரம்மா மறுபடியும் அவன் முதுகுக்குப் பின்னால் போய், கூச்சத்தோடு, "ஏலேங்க..." என்றார். திரும்பி, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தான்.

அக்கா கண்ணைத் துடைத்த அதே கையால் என் மண்டையில் ஒன்று வைத்தாள். "பேரச் சொல்லியால கூப்பிடுத? பேரச் சொல்லியா?"

டாக்டரம்மா இரண்டு காதுப் பக்கமும் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்து, காது நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னைத் தனியாக நிறுத்திப் பாடம் எடுத்தார். "முகத்தப் பாத்துப் பேர் சொல்லிப் பேசுங்க. அழுதா செல்போனக் குடுக்காதீங்க. அடுத்த தடவை நான் கூப்பிட்டா திரும்போணும்." ஊசி போட்டதும் மருமகன் அழுதான். நான் முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் அக்கா வீட்டுக்குப் போய் அவன் முன்னால் உட்கார்ந்து "சங்கரலிங்கம்!" என்று ஓதுகிறேன். ஒவ்வொரு தடவையும் அக்காவின் மாமனார் உள்ளேயிருந்து, "என்னடே, மரியாத இல்லாம?" என்று கேட்கிறார். வீடே சிரிக்கிறது.

போன வாரம் மருமகன் பெயருக்குத் திரும்பிவிட்டான். பெருமை பொறுக்காமல் நண்பன் மைதீனிடம் ஓடினேன். "லே, பேரச் சொன்னா திரும்புதான்லே! எல்லாம் நான் குடுத்த பயிற்சி!"

மைதீன் டீயைக் கீழே வைத்தான்.

"ஒங்க அம்மை இத்தன வருசமா ஒன்னயப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுதா, நீ ஒரு தடவயாது திரும்பிருக்கியால?"