‘ட்’ இல்லாத ட்ரெயிலர்

மக்டலீனைக் கட்டிய நாள் முதலாக இந்த வீட்டில் நான் ஒரேயொரு தடவைதான் வென்றிருக்கிறேன். அதுவும் ‘ட்’ என்ற ஒரு எழுத்தின் தயவால். அந்த வெற்றியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பொறுமையாகக் கேளுங்கள். முடிவில் சிரிக்கக் கூடாது.

என் பெயர் சிமியோன். குருநகரில் மீனவர் சங்கத்துக் கிளாக்கர். ஐஸ் போட்ட மீன்பெட்டிகளைக் கொழும்புக் கோச்சியில் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. ரெயிலை எங்கள் பக்கத்தில் கோச்சி என்றுதான் சொல்வோம். கோச்சி நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். சங்கத்து லொறிதான் நேரத்துக்கு ஸ்ரேசனுக்கு வராது. அது வந்து சேரும்போது ஐஸ் தண்ணீராகி, மீனுக்கே சீவியம் வெறுத்துப் போயிருக்கும். பேச்சு வாங்குவது நான்.

இப்படி இருக்கும்போது, கப்பலில் வேலை செய்யும் மைத்துனன் சூசைதாசன் இங்கிலாந்திலிருந்து ஒரு குட்டிக் கோச்சி கொண்டுவந்து தந்தான். எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம் எல்லாம் உண்டு. சாவி கொடுத்தால் ஓடும். அதைக் கண்ட அன்றே நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் நடக்காததை என் மேசையில் நடத்திக் காட்டுவேன். மேசையிலாவது மீன் நேரத்துக்கு ஸ்ரேசன் போய்ச் சேரும்!

அதற்கு லொறி வேண்டும். சூசைதாசன் தந்த விளையாட்டு லொறி ஒன்று இருந்தது. லொறிக்குப் பின்னால் பெட்டி ஏற்ற ட்ரெயிலர் வேண்டும். அது இல்லை. இறக்குமதி எல்லாம் நின்றுபோன காலம். உடுதுணிக்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் கியூ. குட்டி ட்ரெயிலருக்கு எங்கே போவது? நானே செய்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் தட்டு. சைக்கிள் கம்பியில் அச்சு. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ற். சில்லுக்குத் தெறி. ஓம், சட்டையில் பட்டன் என்று பூட்டுகிற அதே தெறிதான். பெரிய கறுப்புத் தெறியின் நடுவில் அச்சைச் செருகினால் உண்மையான ரயர் தோற்றுவிடும். அலுமாரிக்குள் மக்டலீனின் பிஸ்கட் ரின் நிறையத் தெறி கிடந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அள்ளிக்கொண்டேன்.

முதல் ட்ரெயிலரைச் சாப்பாட்டு மேசையில் காயவைத்தேன். அன்றைக்கென்று சுவாமியார் வீடு சந்திக்க வந்தார். கையை மேசையில் ஊன்றிக் கதைத்தார். எழும்பிப் போகும்போது வெள்ளை அங்கியின் கையில் ஒரு முழ நீளத்துக்கு நீலம். அவர் சிரித்துக்கொண்டுதான் போனார். மக்டலீன் சிரிக்கவில்லை. இனிமேல் கோச்சி, பெயின்ற் என்று எதையாவது கண்ணில் கண்டால், எல்லாவற்றையும் அள்ளித் தன் அக்காவின் பெடியளுக்குக் கொடுத்துவிடுவதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அக்கா கத்தரீனாவின் பெடியளை உங்களுக்குத் தெரியாது. வீட்டு ரேடியோவைக் கழற்றி அதற்குள் கோழிக்குஞ்சு வளர்த்தவர்கள். அவர்கள் கையில் என் கோச்சி போக விடுவேனா? அடுத்த நாளே முழுவதையும் சாக்கில் கட்டி, மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிநேகிதன் தியாகராசாவிடம் கொண்டுபோனேன். அவன் தனிக்கட்டை. கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. கோச்சியைப் பெடியளுக்கே கொடுத்துவிட்டாயிற்றா என்று மக்டலீன் கேட்டாள். கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்தாயிற்று என்றேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தால் சங்கத்தில் வேலை என்று சொல்லிவிட்டு மானிப்பாய்க்குச் சைக்கிள் மிதிப்பேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள் என் களிசானோடு வந்து நின்றாள். களிசான் ஒரு கையில். மற்றக் கையில் அதன் பொக்கற்றுக்குள் கிடந்த நாலைந்து கறுப்புத் தெறி.

“இஞ்சருங்கோ, உது என்ன?”

“தெறி.”

“தெறி எண்டு எனக்கும் தெரியும். சனிக்கிழமையிலை நீங்கள் உண்மையா எங்கை போறனியள்?”

எனக்குப் பொய் வராது. வந்தாலும் நேரத்துக்கு வராது, எங்கள் சங்கத்து லொறி மாதிரி. ட்ரெயிலர் செய்யப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லி, விழுவதை வாங்குவோம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த ‘ட்’ தொண்டையிலேயே நின்றுவிட்டது. மிச்சம்தான் வெளியே வந்தது.

“...ரெயிலர்.”

“ரெயிலரிட்டையோ?”

எங்கள் ஊரில் தையற்காரனுக்கு ரெயிலர் என்று பெயர். அவள் கையில் தெறி. கோயில் திருநாளுக்கு இன்னும் சில கிழமை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

“எனக்குத் திருநாளுக்குச் சாறிச் சட்டை தைக்கக் குடுத்தனியளோ? சொல்லாமல்?”

என் தலை தானாக ஆடியது. அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது. அவள் தெறிகளை என் கையிலேயே பொத்தி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று எனக்கு வந்த நிம்மதியை என்னென்று சொல்ல! அதற்குப் பிறகு சனிக்கிழமை வந்தால், ரெயிலரிடம் போகவில்லையா என்று அவளே கேட்பாள். பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றித் தருவாள். நான் ராசா மாதிரிப் போய் ட்ரெயிலர் செய்தேன். நீல உடம்பு, சிவப்புக் கோடு, பின்பலகையில் ஒரு மயிர்த் தூரிகையால் ‘சமுத்திர மாதா துணை’. பெயின்ற் காய்ந்ததும் அடுப்புச் சாம்பலைத் தேய்த்து மங்கவைத்தேன். பளபளக்கிற ட்ரெயிலரை யாழ்ப்பாணத்தில் யார் நம்புவார்கள்? பலகை ஓரத்துக்குத் தகரம் அடித்து, அதில் நெளிவும் துருவும்கூட வைத்தேன். கோச்சி வரமுன்னமே மீன்பெட்டியோடு ஸ்ரேசனில் நின்றது என் லொறி. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

ரெயிலர் கதை முழுவதையும் என்னிடம் கேட்டறிந்திருந்த தியாகராசாதான் அதைக் கெடுத்தான்.

“அண்ணை, எல்லாம் வடிவாய்த்தான் கிடக்குது. திருநாளண்டைக்கு மக்டலீன் அக்காவுக்கு உந்த ட்ரெயிலரையோ உடுக்கக் குடுக்கப் போறியள்?”

சட்டை இல்லையென்றால் ரெயிலர் இல்லை. ரெயிலர் இல்லையென்றால் ட்ரெயிலர் வெளியே வரும். பிறகு கத்தரீனாவின் பெடியள், கோழிக்குஞ்சு!

பெரியகடைத் தெருவுக்கு ஓடினேன். அங்கே செபநாயகம் என்று உண்மையான ரெயிலர் ஒருவர். என்ன அளவு என்று கேட்டார். ட்ரெயிலரின் நீள அகலத்தை நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். பெண்சாதியின் அளவு கேட்டால் முழிக்கிறேன். செபநாயகம் என்னை மேலும் கீழும் பார்த்து, ஒரு அளவுச் சட்டையும் துணியும் கொண்டுவரச் சொன்னார்.

ஆனால் எனக்கு நல்ல காலம் பாருங்கள். மக்டலீன் பூசைக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்தால், அடுக்கின் உச்சியிலேயே ஒரு சட்டை. கிளறத் தேவையே இருக்கவில்லை. துணி? அந்தக் கிழமைதான் அவள் பக்கத்து வீட்டு யசிந்தாவோடு வேலியடியில் நின்று, கிளிப்பச்சைதான் தனக்கு எடுப்பு என்றும், சங்கக்கடைக்கு அந்த நிறத்தில் துணி வந்திருக்குதாம் என்றும் கதைத்தாள். யன்னலுக்குள் இருந்த எனக்கே முழுவதும் கேட்டது. அவ்வளவு பலத்த குரல். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திருநாள் வந்தது. கிளிப்பச்சைச் சட்டை போட்டு அவள் கோயிலுக்கு வந்தாள். அளவெடுத்து வார்த்த மாதிரி. யசிந்தா இரண்டுதரம் திரும்பிப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர்வலத்தில் சுருவத்துக்குப் பின்னால் நடந்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்க இருந்தோம்.

“நல்ல ரெயிலர். கையும் அளவு, கழுத்தும் அளவு,” என்றாள்.

“பின்னை? அளவுச் சட்டை பாத்தெடுத்தது நானெல்லோ.”

“ஓம். நான் மேலை எடுத்து வைச்சதைத்தானே எடுத்தனியள். அடியிலை கிடந்ததை எடுத்திருந்தால், கலியாணத்துக்கு முந்தின அளவிலையெல்லோ தைச்சிருப்பான்.”

தேத்தண்ணி புரைக்கேறியது. அவள் என் தலையில் தட்டினாள்.

“அப்ப... உனக்கு எப்ப தெரியும்?”

“களிசானுக்குள்ளை கண்ட உடனை. ஊரிலை ஒரு ரெயிலர் என்ரை பிஸ்கட் ரின்னிலை இருந்தோ தெறி எடுப்பான்? என்ரை தெறி எனக்குத் தெரியாதே?”

என் கண்ணுக்கு முன்னால் ட்ரெயிலரில் கோழிக்குஞ்சுகள் ஏறி நின்றன. பெடியளுக்குக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டேன். அவள் கோப்பையை மெதுவாக வைத்தாள்.

“போன கிழமை மானிப்பாய்க்குப் போய்ப் பாத்தனான். தியாகராசாத் தம்பி கதவைத் திறந்து காட்டினவர். சமுத்திர மாதா எண்டு எழுதினது நல்ல வடிவு. அதை அந்தப் பெடியள் என்ன செய்வாங்களெண்டு எனக்குத் தெரியாதே? வீட்டை கொண்டுவாங்கோ. பின் விறாந்தையிலை வையுங்கோ. பெயின்ற் மட்டும் கிணத்தடியிலை.”

ஐயோ, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த சுமை ஒரே அடியாக இறங்கியது. அவள் மனம் மாறமுன்னம் கொண்டுவந்துவிட வேண்டும் என்று திருநாள் உடுப்போடேயே சைக்கிளை உருட்டினேன். வாசல் படலையைத் தாண்டவில்லை, பின்னால் அவள் குரல் வந்தது.

“இஞ்சருங்கோ, உங்கடை ட்ரெயிலரிட்டைச் சொல்லி வையுங்கோ. நத்தார்ப் பெருநாளுக்கு எனக்கு நீலச் சட்டை.”

அந்த ‘ட்’ துளியும் சிந்தாமல் வந்தது.