சம்பந்திக்கு, பேரனின் காதுகுத்துப் படங்கள் குறித்து

அஸ்தினாபுரம்,
16-10-2005

மதிப்புக்குரிய சம்பந்தி கேசவன் அவர்களுக்கு லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கம்ப்யூட்டர் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். உங்கள் காலிலிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா, சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று எழுதவும்.

நிற்க. காலை முறித்துக்கொண்டதால் பேரனின் காதுகுத்துக்கு உங்களால் வர முடியவில்லை. படத்திலாவது பார்க்க வேண்டும் என்று படுத்தபடியே இருமுறை போன் செய்தீர்கள். போட்டோகிராபர் எதற்கு, என் டிஜிட்டல் கேமராவே போதும் என்று சொன்னவன் நான். ஆகவே வேறு யாரும் படம் எடுக்கவில்லை. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமராவின் கார்டைச் சுத்தமாக அழித்து வைத்தேன். அந்த வாரமே கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தது. பட்டனை அழுத்திவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுப் பேப்பரும் படித்து முடித்தால் திரை வெளிச்சமாகும். ஏதாவது ஒரு படத்தைத் திறக்கப் போனால் மட்டும் தானே அணைந்துவிடும். குரோம்பேட்டையிலிருந்து மோகன்ராஜ் என்கிற மெக்கானிக் வந்து பார்த்தார். "விண்டோஸ அழிச்சிட்டு புச்சா போட்டாதான் சார் வேலைக்கு ஆவும். உள்ள கீறது மொத்தமும் பூடும். வேண்டியத சிடில ஏத்தி வெச்சிக்கோ," என்றார்.

ஏற்றினேன். படங்களைத் திறந்து பார்க்க வழியில்லாததால் அவற்றின் பெயர்களை மட்டும் சரிபார்த்து, சிடியைக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் பத்திரமாக வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. என் மனைவி மஹாலட்சுமி ஸ்கூட்டர், மிக்சி, கம்ப்யூட்டர், மவுஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வந்தவள், சிடிக்கும் வைத்தாள். "பேரன் படம் இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு பொட்டு வெக்காம எப்படி?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. பளபளக்கும் பக்கத்தில் வைத்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. முகம் தெரிகிற பக்கம்தானே முன்பக்கம் என்பது அவள் வாதம்.

புதிதாகத் தொடங்க விஜயதசமியே நல்ல நாள் என்று மோகன்ராஜை அன்றைக்கு வரச்சொன்னேன். "பேக்கப் எட்த்துட்டியா சார்? அப்பால என்னாண்ட கேக்கக்கூடாது," என்றார். "எடுத்துப் பூஜையும் போட்டாச்சு," என்றேன். அவர் அழித்தார்; மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை போல் எழுந்து உட்கார்ந்தது. சிடியைப் போட்டோம். டிரைவ் மாவு மில் போல இரைந்துவிட்டு நின்றது. மீண்டும் போட்டோம், மீண்டும் இரைந்தது. அவர் வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "இன்னா சார் இது, ரசம் வாசன வர்து?"

மஹாலட்சுமி சமையலறையிலிருந்து வந்தாள். "பொட்டு காஞ்சு ஒட்டிக்கிச்சுப்பா. பூஜைப் பாத்திரத்தோட போட்டுப் புளி வெச்சு, தேங்கா நார்ல நல்லாத் தேச்சேன். இப்பப் பாரு, முகம் தெரியுது."

"மூஞ்சி தெரியும்க்கா. படம்தான் தெரியாது," என்றார் மோகன்ராஜ்.

சம்பந்தி அவர்களே, நடந்தது இதுதான். படங்கள் எங்கேயும் இல்லை. பேரனுக்கு இன்னொரு முறை காது குத்தவும் முடியாது. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பெரிய மனது வைத்து மன்னிக்கவும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். கால் சீக்கிரம் குணமாகக் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
லோகநாதன்

பி.கு.: கவரை ஒட்டும்போது, யாருக்குக் கடிதம் என்று மஹாலட்சுமி கேட்டாள். சொன்னேன். காதுகுத்துக்கு மறுநாளே, நான் அழிப்பதற்கு முன்பாக, கார்டை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டுவிட்டாளாம். தீபாவளிச் சீரோடு உங்களுக்கு அனுப்பப் பீரோவில் வைத்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "கம்ப்யூட்டர் விஷயத்துல நீ தலையிடாதேன்னு சொன்னது யாரு?" என்றாள். படங்களை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். காது குத்தும் நேரத்தில் எடுத்த ஒவ்வொன்றிலும் ஆசாரியின் முதுகு மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் ஒரு சிறிய கால் தெரிகிறது. பேரனுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே, மேலே சிடிக்காகக் கேட்ட மன்னிப்பைப் படங்களுக்கு மாற்றிக்கொள்ளவும். வரும் ஞாயிறன்று பேரனையே அங்கு அழைத்து வருகிறோம். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி மஹாலட்சுமி சொல்லிவிட்டாள்.