மேற்குச் சுவரும் என் கணவரும்

என் கணவர் நல்லசிவத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறை தானாகவே தெரிந்துவிடும்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் வெட்டுக்கல்லால் ஆனது. கடலிலிருந்து வரும் மழை முழுவதும் அதன்மீதுதான் அடிக்கும். சென்ற ஆண்டு ஈரம் உள்ளே கசிந்து, சுவரோரம் இருந்த என் அலமாரியில் இரண்டு தட்டு நூல்கள் பூசணம் பூத்து ஒழிந்தன. எஞ்சிய ஆறு தட்டுகளை வைகாசி நடுவில் தொடங்கும் அடுத்த இடவப்பாதி மழைக்குப் பலி கொடுப்பதாக நான் இல்லை.

ஆகவே விஷு கழிந்த மறுநாள் இசக்கிசெல்வியை அழைத்தேன். தென்காசிப் பக்கத்துப் பெண். கொத்து வேலையில் கைதேர்ந்தவள். சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், சிமெண்ட் பூசி அடைச்சு வச்சிருக்கு. உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்ல. இதைக் கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்பு பூசுனாத்தான் சுவரு மூச்சு விடும்.”

“சுவரு மூச்சு விடுமா?” என்று சாயாவும் கையுமாக வந்தார் கணவர். “அப்ப இருமலும் வருமோ? ஏ பிள்ளே, கப்பல் பட்டறையில முப்பத்திநாலு வருஷம் இருந்தவன் நான். கப்பலே பெயின்ட்டை நம்பித்தான் கடல்ல கிடக்கு. இந்தச் சுவரு எம்மாத்திரம்? நீ போயிட்டு வா.”

ஓர் உண்மையை இங்கே பதிவு செய்வது அவசியம். பட்டறையில் அவர் சாமான் அறையில் இருந்தவர். பெயின்ட் டப்பாக்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார், ஒன்றையேனும் திறந்ததில்லை.

அன்றே பிராட்வே கடைத்தெருவிலிருந்து ஈரம் புகாத பெயின்ட் இரண்டு பெரிய டப்பாக்கள் வந்திறங்கின. முதல்நாள் மழையில் நனைந்த சுவரோ இன்னும் காயவில்லை.

“ஏங்க, ஈரம் காயட்டுமே?”

“எடீ, கப்பல் காயட்டும்னு கடல் காத்திருக்கா?”

இந்த வினாவுக்கு விடை கூறுவது நான் கற்ற கல்விக்கு இழுக்கு. உள்ளே போய்விட்டேன். அவர் அடித்து முடித்தார். இனி ஒரு சொட்டும் உள்ளே வராது என்று உத்தரவாதமும் அளித்தார்.

“அப்ப செரி. உங்க கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டுக்கோங்க. என் அலமாரி கட்டில் இருந்த இடத்துக்கு வரட்டும்.”

“எதுக்கு?”

“ஏன், பயமா?”

“எனக்கா? பிடி, தள்ளு கட்டிலை!”

அடுத்த பத்து நாட்களில் நான்கு கோடை மழை பெய்தது. வெளியே பெயின்ட் பப்படம்போல் உப்பியது. அவர் காலைதோறும் அதை உள்ளங்கையால் அமுக்கிவிட்டு வந்தார். அடைபட்ட ஈரம் உட்புறம் திரும்பியது. ஒருநாள் காலை அவர் தலையணையை வெயிலில் வைப்பதைக் கண்டேன்.

“தலையணை ஏன் நனைஞ்சிருக்கு?”

“வேர்வை.”

“சுவருக்கும் வேர்த்திருக்கே?”

“கொச்சியில எல்லாத்துக்கும் வேர்க்கும்!” என்றார். பிறகு ஒன்பது முறை தும்மினார். எண்ணினேன்.

மூன்று வாரம் கழிந்ததும் அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கியது.

“மீனாக்ஷி, திருப்பூணித்துறையில உன் தங்கச்சி வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன்.”

நாற்பத்தொரு ஆண்டு மணவாழ்வில் அவர் என்னை எங்கும் போகச் சொன்னதில்லை. பையுடன் புறப்பட்டேன், நூலகத்தில் மதியம்வரை செய்தித்தாள் படித்தேன், வீடு திரும்பினேன்.

மேற்குச் சுவரில் பாதி சிமெண்ட் உதிர்ந்து வெட்டுக்கல்லின் சிவப்புத் தெரிந்தது. வெண்ணெய்போல் குழைந்த சுண்ணாம்பை இசக்கிசெல்வி அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்ட கணவர் ஒரு கணம் விழித்தார், மறுகணம் நிமிர்ந்தார்.

“எல்லாம் என் யோசனை! உனக்குத் தெரியாம முடிச்சு அசத்தலாம்னு நேத்து சாயங்காலந்தான் இவளைக் கூப்பிட்டேன்.”

“அப்படியா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே.”

“உனக்கெங்க தெரியும்? சுண்ணாம்புன்னா லேசா?” காலையில் அவளிடம் கேட்டறிந்ததை அப்படியே எனக்கு ஒப்பித்தார். “தண்ணியில போட்டு மூணு வாரம் ஊறணும். ஊறலைன்னா சுவரு…”

நிறுத்தினார். சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்தார். இசக்கிசெல்வியைப் பார்த்தார்.

“ஏ பிள்ளே… நேத்துத்தானே உன்னைக் கூப்பிட்டேன்? இது எப்ப ஊறுச்சு?”

அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

“நீங்க பெயின்ட் டப்பாவைத் திறந்த அன்னைக்கே டீச்சர் போன் போட்டு ஊறப்போடச் சொல்லிட்டாங்க, அண்ணாச்சி.”