மூன்று படத்திலும் எங்கள் ரேடியோ

கீழ்ப்பிரிவு,
கல்லுமலைத் தோட்டம்,
நோட்டன் பிரிட்ஜ்.
17.6.1980

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் வீட்டாரும், அச்சகத்தில் வேலை செய்கிறவர்களும் மாதா கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒன்பது நாளாக மழை. மற்றபடி நாங்கள் சுகம்.

இந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் ‘லயத்துக்கும் வந்தது திறந்த பொருளாதாரம்’ என்ற கட்டுரையைப் பிரித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு நூல் முடிச்சு. மூன்று படங்கள், மூன்று வீடுகள், மூன்று ரேடியோக்கள். மூன்றிலும் உடைந்த ஏரியலை ஒரே மாதிரி கம்பளி நூலால் கட்டியிருந்தது. படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. உண்மையில் அது சிவப்பு. கட்டியது நான். ரேடியோ எங்களுடையது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்யும் என் அக்கா பெற்றீசியா போன டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குக் கொண்டுவந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள் அத்தனைக்கும் நாற்காலி ஒன்று, கண்ணாடிக் கிளாசும் ஒன்று. வெளியாள் வந்தால், அவர் முன்பக்கமாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் நாற்காலியும் கிளாசும் பின்கதவு வழியாக முந்திப் போய்விடும். தூக்கிக்கொண்டு ஓடுவது நான்தான், ஐந்தாம் வகுப்போடு நின்று வீட்டில் இருப்பவள் நான்தானே. போன மாதம் ஒரு புதன்கிழமை, பகல் சாப்பாட்டு நேரத்தில், தங்கள் நிருபர் ஐயாவைக் கங்காணி இராமையா கூட்டிவந்தபோதும் அப்படித்தான் நடந்தது. அவர் மூன்று வீட்டிலும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கிளாசில் தேத்தண்ணி குடித்தார். எங்களுக்கு அது பொய் இல்லை, மரியாதை. ஆனால் முதல் வீட்டிலேயே அவர் மீனம்மா அக்காவிடம், “நாட்டுல வெளிநாட்டுச் சாமான் வந்து குவியுதுன்னு கொழும்புல பேசிக்கிறாங்க. அது ஒங்க லயத்துல எப்படித் தெரியுதுன்னு எழுதணும்ங்க. ரேடியோ மாதிரி எதுவும் இருக்குதா?” என்று கேட்டுவிட்டார்.

“இல்லாமயாங்க? ஏ ஐவி, உள்ள இருக்க ரேடியோவ எடுத்துட்டு வா புள்ள!” என்றார் மீனம்மா அக்கா. உள்ளே என்றால் எங்கள் வீட்டுக்கு உள்ளே. கொண்டுவந்தேன். படம் எடுத்தார். அடுத்தது கங்காணி வீடு. மீனம்மா வீட்டில் இருப்பது கங்காணி வீட்டில் இல்லாமல் போகுமா? அங்கேயும் கொண்டுபோனேன். மூன்றாவது வீரம்மா வீடு. வீரம்மா புருஷன் இல்லாதவர், கால் வீங்கி வேலையிலிருந்து நின்றுவிட்டவர். மகள் நாகலெட்சுமிக்குத் தோட்ட வேலைக்கு இன்னும் பேர் பதியவில்லை. படம் எடுத்து முடிந்த பிறகும் வீரம்மா ரேடியோவை மடியிலிருந்து இறக்கவில்லை. “இருடி, இந்தப் பாட்டு முடியட்டும்,” என்றார். பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு வந்தது.

நான்காவது எங்கள் வீடு. ரேடியோவுக்குக் காத்து நின்றதில் நாற்காலியைத் தூக்கவும் நேரமில்லை. நாற்காலியும் இல்லை, ரேடியோவும் இல்லை, அப்பாவும் மலையிலிருந்து இறங்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். “ஏன் தங்கச்சி, இங்க ரேடியோ இல்லையா?” என்றார் நிருபர் ஐயா. வெளியாள் கேட்டால் எனக்கு வாய் வராது. தலையைக் குனிந்தேன். குனிந்ததை அவர் எழுதிக்கொண்டார். ‘அந்த லயத்தில் ரேடியோ இல்லாத ஒரே வீடு செபமாலையுடையது’ என்று பத்திரிகையில் வந்தது. செபமாலை என் அப்பா. “என் ரேடியோ ஊரெல்லாம் பாடுது, எனக்குத்தான் இல்லையாம்!” என்று அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அரிசிக் கூப்பனை நிறுத்திவிட்டு இல்லாதவர்களுக்கு இப்போது உணவு முத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? நேற்று அதற்குப் பேர் எழுத ஓர் ஐயா வந்தார். அவருடைய பைலுக்குள் தங்கள் பத்திரிகை மடித்திருந்தது.

“ரேடியோ வாங்கின ஆளுக்கு முத்திரை என்னத்துக்கு?” என்று வீரம்மாவைக் கேட்டார்.

“அது ஐவி வூட்டு ரேடியோங்க சாமி.”

“ஐவி வீட்டில இல்லைன்னு போட்டிருக்குத்தானே!”

வீரம்மா பேரை வெட்டிய பேனாவாலேயே எங்கள் பேரை எழுதினார். வருகிற திங்கட்கிழமை வந்து முடிவாகப் பதிவாராம். நான் அப்போதும் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அந்த முத்திரை இல்லாவிட்டால் வீரம்மா வீட்டில் மாவு இல்லை.

நிருபர் ஐயா மேல் குறை சொல்லவில்லை. அவர் ரேடியோவைக் கேட்டார், நாங்கள் ரேடியோவைக் காட்டினோம். ரொட்டியைக் கேட்டிருக்கலாம். மாவு விலை ஏறும்போதெல்லாம் எங்கள் ரொட்டி மெலிந்துகொண்டு வருகிறது. போன வாரம் வீரம்மா தான் சுட்டதை விளக்குக்கு நேரே பிடித்தார், திரி தெரிந்தது. “இது வழியா பேப்பரே படிக்கலாம்டி,” என்று சிரித்தார். நாட்டு நிலவரம் எங்கள் லயத்துக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. அதைப் பார்க்க நாற்காலி தேவையில்லை, அடுப்படியில் நின்றால் போதும். ரொட்டியை யாரும் இரவல் வாங்கிக் காட்டவும் மாட்டார்கள்.

ஆகவே, கீழ்ப்பிரிவு லயத்தில் ரேடியோ ஒன்றுதான், அது செபமாலை வீட்டு ரேடியோ, வீரம்மாவுடையது அல்ல என்று வருகிற ஞாயிறே ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முத்திரை ஐயா பத்திரிகையில் வந்தால்தான் நம்புவார். எனக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த நூல் முடிச்சு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தங்கள் பத்திரிகை மழையில் நனையாமல் மலையேறி வரவும், நிருபர் ஐயா வழுக்கி விழாமல் நடக்கவும் மாதாவை வேண்டிக்கொள்ளும்,

செ. ஐவி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் வீரம்மா வந்தார். ராகலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் படத்தைப் பார்த்தார்களாம். ரேடியோ வைத்திருக்கிற வீடு, பக்கத்தில் நிற்கிற பெண்ணும் லட்சணம் என்று ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமியைப் பெண் பார்க்க வருகிறார்கள். “வெத்தல மாத்துற வரைக்கும் அது எங்க வூட்டுல பாடட்டும் தாயி. திங்கக்கெழம அந்த ஐயா வர்றதுக்குள்ள நீ தூக்கிக்க. பேப்பர்ல மட்டும் ஞாயித்துக்கெழம ஒண்ணும் வந்துறக் கூடாது,” என்றார். ஆகவே ஐயா, மேலே எழுதியது எல்லாம் உண்மை, ஆனால் ஞாயிறு போட வேண்டாம். திங்கட்கிழமை போடுங்கள், காலையிலேயே. ரேடியோவில் அந்த முடிச்சு கண்ணில் பட்டால், ராகலைக்காரர்களும் மூன்று படத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கக்கூடியவர்கள்தான். அதனால் நான் நூலை அவிழ்த்து, ஏரியலை உள்ளே தள்ளி, ரேடியோவைத் துண்டில் சுற்றிப் பின்கதவு வழியாக வீரம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.