உடும்பு மாப்பிள்ளையும் உறுமுகிற ஹீட்டரும்

இந்தக் கதையைக் கேட்டு நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போது வேண்டாம். முதலில் இன்ஜின் சூடாகட்டும். அது சூடாகாமல் ஹீட்டரும் வராது, சிரிப்பும் வராது. வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே வாருங்கள்.

ஒரு காட்டில் ஒரு கார் இருந்தது. காட்டில் எதற்குக் கார் என்று கேட்பவர்கள் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போகலாம். போயாச்சா? சரி.

அந்தக் கார் பொன்னுரங்கம் என்கிற உடும்பினுடையது. உடும்புக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. வெயில் அடித்தால் ஓடும். பனி விழுந்தால் விறகுக்கட்டை. உடும்பின் அப்பா அம்மா, அத்தை மாமா எல்லோரும் அப்படித்தான். உயிரோடு இருக்கிற ஒன்று தன்பாட்டுக்குச் சூடாகவும் இருக்க முடியும் என்பதை அவர்கள் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்பேன்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் செங்கமலம் என்கிற பெண் உடும்பைப் பொன்னுரங்கத்துக்குப் பேசியிருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய பொன்னுரங்கம், கணவாய்ப் பனியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பல்லைக் காட்டியபடி அப்படியே விறைத்துப்போனது. காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அந்த வழியாக வந்த முயல்கள், ஏதோ தலைவர் சிலை என்று நினைத்து மாலை போட்டுவிட்டன. ஒரு முயல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னார் ஆற்றிய பணிகளை இந்தக் கணவாய் உள்ளளவும்..." என்று ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டு நேரம் வரை பேசியது.

வெயில் ஏறி விறைப்பு விட்டு, பொன்னுரங்கம் வீடு திரும்பியதும் மாமனார் ஆண்டியப்பனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, சிலைக்கெல்லாம் நான் பொண்ணு குடுக்க முடியாது. வர்ற வெள்ளிக்கிழமை வந்து தட்டு மாத்திக்கோங்க. இல்லேன்னா ஓடைக்கரை முதலைக்குப் பேசி முடிச்சிருவேன். அவருக்கு வயசு கொஞ்சம் கூட. பல்லும் கொஞ்சம் கூட. ஆனா சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்துடுவாரு."

பொன்னுரங்கம் காரை நேராக நரி சந்தானத்தின் பட்டறைக்கு விட்டது.

சந்தானம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாத்தியார் மாதிரி ஆரம்பித்தது. "ஹீட்டர்னா என்ன நெனச்சீங்க மாப்ளே? உள்ள அடுப்பா வெச்சிருக்கான்? இன்ஜினைச் சுத்தி வர்ற சுடுதண்ணி இந்த ரெண்டு ரப்பர் குழாய் வழியா டாஷ்போர்டுக்குப் பின்னாடி போயிட்டு வரும். ஃபேன் அந்தச் சூட்டை எடுத்து ஊதும். அவ்ளோதான் சமாச்சாரம். ரெண்டு குழாயும் சூடா இருந்தா ஃபேன் பக்கம் பாக்கணும். ஒண்ணு சூடு, ஒண்ணு சில்லுன்னா நடுவுல அடைப்பு. எங்க, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

இதுவரை நரி சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொல்வதற்கு முன்னால் நரிக்கும் வாய் சூடாக வேண்டுமே.

பொன்னுரங்கம் முதல் குழாயைத் தொட்டது. கண் சொருகியது. பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டது.

"எப்படி இருக்கு?"

"சொர்க்கம்ணே."

"போதும், இறங்குங்க. அடுத்ததைத் தொடுங்க."

அடுத்ததைத் தொட்டது. "இதுவும் சூடுதாண்ணே. இப்ப எதைத் தொட்டாலும் சூடாத்தான் இருக்கு. உங்க ஸ்பேனர்கூட."

நரி ஓசைப்படாமல் தன் வாலால் தொட்டுப் பார்த்தது. இரண்டாவது குழாய் சில்லென்று இருந்தது. அடைப்பு. அடைப்பை எடுக்க டாஷ்போர்டை முழுசாகக் கழற்ற வேண்டும். கழற்றலாம். மறுபடி மாட்டும்போது எப்போதும் ஒரு பிடி ஸ்குரூ மிச்சமாகும். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு, "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்" என்றது. ஒரு ஸ்குரூவை வலப்பக்கம் திருப்பியது. பிறகு அதையே இடப்பக்கம் திருப்பியது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கரடி வீரபத்திரன் உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வண்டி வெளியே போகும். கரடி ஏறியது. கதவைச் சாத்தியது. கண்ணாடியை ஏற்றியது. பக்கத்து சீட்டில் பொன்னுரங்கம். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி.

"எப்படிய்யா இருக்கு?" என்று வெளியிலிருந்து நரி கேட்டது.

"வெக்கை தாங்கலை," என்றது கரடி.

"ஆமாண்ணே! தாங்கலை!" என்று பொன்னுரங்கம் சந்தோஷத்தில் குதித்தது.

கரடி இறங்கிக்கொண்டது. பொன்னுரங்கம் தனியாகக் கிளம்பியது. முதல் வளைவிலேயே விறைத்தது. இரண்டு எருமைகள் காரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்து விட்டன.

நரி மறுபடி கரடியை ஏற்றியது. மறுபடி வெக்கை தாங்கவில்லை.

"பாருங்க, எங்க ஆளு உட்கார்ந்தா வேலை செய்யுது. நீங்க ஓட்டினா செய்ய மாட்டேங்குது. அப்ப கோளாறு எங்க இருக்கு?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டது. "எங்கிட்டதாண்ணே. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள என்னையும் சரி பண்ணிருங்கண்ணே. முதலை புது வேட்டி எடுத்துட்டாராம்."

இங்கே சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. இன்னும் இல்லை என்று சொன்னேனா இல்லையா?

வெள்ளிக்கிழமை காலையில் பின்சீட்டில் பெரிதாக ஏதோ இருந்தது. மேலே கார் கவர் போர்த்தி, கயிறு கட்டியிருந்தது.

"புது மாடல் பின்சீட் ஹீட்டர்," என்றது நரி. "ஃபாரின். சத்தம் கொஞ்சம் வரும், பயப்படாதீங்க. திரும்பி மட்டும் பாக்கக் கூடாது. பாத்தா வாரண்டி போயிடும்."

"சூடு குறைஞ்சா?"

"வாழைப்பழத்தைப் பின்னாடி போடுங்க. தோலோட போட்டாலும் ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு. வண்டிக்குள்ள தேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

"ஏண்ணே?"

நரி யோசித்தது. "வோல்டேஜ் ஏறிடும்."

"வீரபத்திரண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பறேனே?"

"அவனுக்கு இன்னிக்கு லீவு. வெளியூர் போறான்."

கணவாயில் பனி கொட்டியது. காருக்குள் சித்திரை மாதம். பின்னால் ஹீட்டர் 'உர்ர்ர்... உர்ர்ர்...' என்று சீராக ஓடியது. நடுவில் அது ஒருமுறை புரண்டு படுத்தது. பொன்னுரங்கம் ஒரு பழத்தைத் தூக்கிப் போட்டது. 'சப் சப்' என்று கேட்டது. "என்னமா எரியுது பாரு!" என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டது. வழியில் மாலையோடு காத்திருந்த முயல்கள், சிலை கையசைத்துவிட்டுப் போவதைப் பார்த்து வாய் பிளந்தன. பேச எழுதிக்கொண்டு வந்திருந்த முயல் அழுதேவிட்டது.

பெண் வீட்டு வாசலில் புது வேட்டியோடு முதலை உட்கார்ந்திருந்தது. ஆண்டியப்பன் ஓடிவந்து கார் கதவைத் திறந்தது. உள்ளிருந்து வந்த சூடு முகத்தில் பட்டதும் வரவேற்பை மறந்து உள்ளே ஏறிக்கொண்டது.

"ஆத்தாடி! மாப்ளே, இதுவல்லவா வண்டி! ஏய் செங்கமலம், வா உள்ள! எல்லாரும் வாங்க!"

சித்தப்பா உடும்பு, பெரியம்மா உடும்பு, அத்தை உடும்பு எல்லாம் அடைந்துகொண்டன. பின்சீட்டில் ஏறியவை ஹீட்டரின் மேலேயே ஒட்டிப் படுத்தன. "எவ்ளோ மெத்துமெத்துன்னு செஞ்சிருக்கான் பாரேன்," என்றது பெரியம்மா. வெளியே போக யாருக்கும் மனசில்லாததால் காருக்குள்ளேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். நிச்சயம் முடிந்தது. முதலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போனது.

செங்கமலம் தட்டைப் பார்த்து வெட்கத்தோடு கேட்டது: "ஏப்பா, எல்லாம் வெச்சீங்க, மாப்பிள்ளைக்குத் தேன் வெக்கலையே?"

உறுமல் நின்றது.

கயிறு அறுந்தது. கார் கவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "தேனா? எங்க இருக்கும்மா?"

பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தது. வாரண்டி போனது.

உச்சியில் வாழைப்பழத் தோலும் மடியில் பெரியம்மாவுமாக வீரபத்திரன் உட்கார்ந்திருந்தது.

பொன்னுரங்கம் கரடியை ஒரு விரலால் தொட்டது. சூடு. இன்னொரு முறை தொட்டது. மெதுவாக டாஷ்போர்டின் பக்கம் திரும்பி அதையும் தொட்டது. சில்.

"அப்போ... ஹீட்டர்?"

"அதுவா? அது அப்பவே அடைப்பு மாப்ளே," என்றது கரடி. "நரி உங்ககிட்ட சொல்லலையா?"

இப்போது சிரிக்கலாம்.

நீதி: ஹீட்டர் கெட்டுப்போனால் டாஷ்போர்டைக் கழற்றாதே, பின்சீட்டில் ஒரு கரடியை ஏற்று, வாரண்டி கேட்கப் போகும்போது திரும்பிப் பார்த்ததை மட்டும் ஒப்புக்கொள்ளாதே.